தீவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மீனா,

நீ அனுப்பிய படம் வந்தது. அப்பா வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறார். பறவையின் கழுத்து உன் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில், முதுகு உள்ளங்கையில். கொஞ்சம்கூட அழுத்தாமல் பிடித்திருக்கிறாய். இடுக்கியால் அடையாள வளையத்தை நெருக்கிய பிறகு அது காலில் தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார்ப்பாய் என்று எழுதியிருந்தாயே, எனக்குப் பெருமையாக இருந்தது. மணிக்கட்டெல்லாம் கீறல். அந்த ஷியர்வாட்டர் கடற்பறவை கடிக்கும், பிறாண்டும் என்று தெரிந்தும் இப்படியா? மருந்து போடு.

விரலில் மோதிரம் இல்லை. இந்த வேலைக்காகக் கழற்றி வைத்திருப்பாய், சரி.

இருட்டில் பாறை ஓரம் போகாதே. கடற்காகங்களுக்குப் பயந்து அந்தப் பறவைகள் நல்ல இருட்டில்தான் கரைக்கு வரும், உங்கள் வேலையும் அப்போதுதான், தெரியும். ஆனாலும் தரையெல்லாம் அவை குடியிருக்கிற வளை. கால் தவறி உள்ளே இறங்கினால் உன் கணுக்காலும் போகும், உள்ளே இருக்கிற குஞ்சும் போகும். பாதையை விட்டு இறங்காதே.

வேல்ஸ் கரையோரம் இருக்கிற உன் ஸ்கோக்ஹோம் தீவைப் பற்றி நானும் படிக்கிறேன். பிரிட்டனின் முதல் பறவை ஆய்வு நிலையத்தை 1933-ல் ரொனால்ட் லாக்லி அங்கேதான் தொடங்கினாராம். ஷியர்வாட்டருக்கு ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி 50 நாளுக்கு மேல் அடைகாக்கின்றன. ஒன்று கடலுக்குப் போனால் நாள்கணக்கில் வராது, மற்றது பட்டினியாக உட்கார்ந்திருக்கும். அடுத்த வருஷமும் பெரும்பாலும் அதே வளை, அதே ஜோடி. அதைப் படித்ததிலிருந்து உன் ஞாபகமாகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார். "மீனா ஏதாவது சொன்னாளா அத்தை?" என்றார். பறவைகளைப் பற்றிச் சொன்னாள் என்றேன். அதற்குமேல் அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

நீ எழுதுவதெல்லாம் எடை, இறக்கை நீளம், வளைய எண். ஆசையாகத்தான் படிக்கிறேன். ஆனால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. 1952-ல் அந்தத் தீவிலிருந்து ஒரு ஷியர்வாட்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் பாஸ்டனில் விட்டார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டி 13 நாளுக்குள் தன் வளைக்கே வந்துவிட்டது. அதை விட்டுவிட்டதாக எழுதிய கடிதம் அப்புறம்தான் வந்து சேர்ந்ததாம். போன் கையில் இருக்கிற உனக்கு ஒரு வரி எழுத இத்தனை நாளா?

குஞ்சைக் கொழுக்க வைத்துவிட்டு, அது வளையை விட்டு வெளியேறுவதற்கு முன்னாலேயே தாயும் தகப்பனும் தென் அமெரிக்கா பக்கம் கிளம்பிவிடுமாமே. என்னால் அப்படி இருக்க முடியாது, மீனா.

மாப்பிள்ளையிடம் பேசினாலும் பேசாவிட்டாலும் என்னிடம் சொல். கோபப்பட மாட்டேன். அப்பாவிடம் மோதிரத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, அவர் பறவையை மட்டும்தான் பார்த்திருக்கிறார். காற்று அடங்கிப் படகு வந்து நீ கரைக்கு வந்ததும் முதலில் எனக்குப் போன் செய். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். அதுவரை பாறை ஓரம் போகாதே.

அம்மா