தலைவலியை மறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயரமான மலையில் ஏறப் போகிறவர்கள் ஆறு மாதம் ஓடிப் பழக வேண்டும் என்று உங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். ஓடட்டும், நல்லதுதான். ஆனால் மேலே போகப் போக ஆக்சிஜன் குறைவாகக் கிடைப்பதால் வரும் உயர நோயை அது தடுக்காது. இருபது வருடமாக ஓட்டப் பயிற்சி கொடுக்கும் நான் இதைத் தெரிந்துகொண்டது என் தம்பியால்.

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் பாதை. தம்பி மாரத்தான் ஓடுகிறவன். நாம்சேயில், 3,440 மீட்டரில், உடம்பு பழகுவதற்காக ஒரு நாள் தங்கியிருக்க வேண்டும். தேவையில்லை என்று அவன் அவசரப்படுத்தினான், நானும் தலையாட்டினேன். பிறகு போய்ச் சேர்ந்த டிங்போச்சே 4,410 மீட்டர். அன்று ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. "வெயில்ல நடந்தது, லேசா தலை வலிக்குதுக்கா" என்றான். விடிகாலையில் பூட்ஸ் நாடாவைக் கட்ட முடியாமல் விரல்கள் தடுமாறின. வழிகாட்டி தரைப்பலகையின் இடுக்கைக் காட்டி, ஒரு காலின் விரல்நுனியில் மறுகால் குதிகாலை ஒட்டிவைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டான். மூளை வீக்கத்தின் அறிகுறி அது. வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, கைத்தாங்கலாக 500 மீட்டருக்கு மேல் இறக்கினோம். சாயங்காலம்தான் தெளிவாகப் பேசினான்.

மேலேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைகிறது. 5,500 மீட்டரில் பாதிதான். அதற்குப் பழக உடம்புக்கு நாட்கள் வேண்டும். காலில் வலு உள்ளவர் அந்த நாட்களைக் கொடுக்காமல் ஏறிவிடுகிறார்.

3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். உடம்பு உயரத்துக்குப் பழக அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். பொதுவாக 125 மில்லிகிராம், இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம். தலைவலி இருக்கும்போது வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ராத்திரியானாலும் இறங்குங்கள்.

குழு நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தினமும் ராத்திரி ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுத் தலை வலிக்கிறதா என்று கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் என் தம்பியைப் போல "லேசா" என்றுதான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்