கேம் அண்ட் வாட்ச் மீது வீண் பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் பழைய எலக்ட்ரானிக் கேம்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒசாகாவில் இருந்துகொண்டு இந்தக் கருவிகளைப் பழுதுபார்ப்பவன் நான். கையடக்க கேம்களை எல்லாம் யாகுசா என்ற ஜப்பானியக் குற்றக் கும்பல்களின் ரகசியச் சூதாட்டக் கருவிகள் என்று கட்டுரை ஒரே வரியில் சொல்லிவிட்டது. பழைய கேம்களை விற்பவர்களில் சிலர் விலையை ஏற்றுவதற்காக அவிழ்த்துவிடும் கதை இது. உங்கள் பக்கத்தில் அது உண்மைபோல வந்ததில் எனக்கு வருத்தம்.

1980இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க கேமைப் பாருங்கள். சின்ன எல்சிடி திரை, சில பொத்தான்கள், உள்ளே பட்டன் பேட்டரி. காசு போட வழியில்லை. பேட்டரியைக் கழற்றினால் எடுத்த புள்ளியும் போச்சு. இரண்டு பேர் அதை வைத்துப் பந்தயம் கட்டியிருக்கலாம், சரி. பணம் வைத்துச் சூதாடினால் ஜப்பான் குற்றவியல் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி 5 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. எந்தக் கருவியில் ஆடினாலும் அதேதான். அதற்காகக் கருவியைக் குற்றவாளி ஆக்க முடியுமா?

சூதாட்டம் மறைவாக நடந்தது காபிக் கடை மேஜையில். 1978இல் டைட்டோ நிறுவனத்தின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற வீடியோ கேம் வந்ததும், கடைகள் சாதாரண மேஜைகளை எடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு அடியில் திரை வைத்த மேஜைகளைப் போட்டன. 100 யென் நாணயம் போட்டால் ஒரு ஆட்டம். அந்த மோகம் வடிந்தபின் பல கடைகளில் அதே மாதிரி மேஜைக்குள் போக்கர் சீட்டாட்டத்துக்கான சர்க்யூட் போர்டு வந்து உட்கார்ந்தது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. திரையில் ஏறுவது வெறும் புள்ளி. அதற்குப் பணம் எண்ணிக் கொடுப்பது கடைக்காரர்.

அப்படி ஒரு போர்டு இப்போது என்னிடம் பழுதுக்கு வந்திருக்கிறது. நாணயத்துக்கான இணைப்பு போக, சாவிக்கென்று தனியாக இரண்டு இணைப்புகள். ஒரு சாவியைத் திருப்பினால் புள்ளி ஏறும். ரொக்கத்தை வாங்கிக்கொண்டு கடைக்காரர் ஏற்றிவிடுவார். மற்றதைத் திருப்பினால் இருக்கும் புள்ளி பூஜ்யமாகிவிடும். அது பணம் கைமாறும்போது. அப்புறம் திரையில் வரும் கணக்குப் பக்கம் ஒன்று: உள்ளே வந்தது இவ்வளவு, வெளியே போனது இவ்வளவு. ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்கு 'வெளியே போனது' என்ற கணக்கே தேவையில்லை. (கேம் சென்டர்களில் மெடல் எனும் டோக்கன் போட்டு ஆடும் மெடல் கேம்கள் உண்டு. அவையும் மெடலைத் திருப்பித் தரும், ஆனால் அந்த மெடலைப் பணமாக மாற்றச் சட்டத்தில் இடமில்லை.) போர்டின் ஓரத்தில் நகத்தால் தள்ளும் அளவுக்குக் குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் சிலதை மாற்றினால் ஆடுபவருக்குத் திரும்பிக் கிடைக்கும் சதவீதமே மாறிவிடும். சம்பளக் கவரோடு வந்து உட்கார்ந்தவருக்கு அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிய வாய்ப்பே இல்லை. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

1982இல் ஒசாகா காவல்துறையில் பெரிய ஊழல் வெடித்தது. சோதனைக்கு வரப்போகும் தகவலைக் இப்படிச் சூதாட்ட மேஜை வைத்திருந்த கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, சில போலீஸ்காரர்கள் லஞ்சம் வாங்கியிருந்தார்கள். 1984இல் கேளிக்கைத் தொழில் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து கேம் சென்டர்களுக்கும் உரிமம் கட்டாயமானது. பிள்ளைகள் விளையாடும் இடங்களும் நள்ளிரவோடு மூட வேண்டியதாயிற்று. சின்ன இரும்பு உருண்டைகளை ஏவி ஆடும் பச்சிங்கோவில் மட்டும், ஜெயித்த உருண்டைகளைப் பரிசுப் பொருளாக்கி, அருகிலுள்ள சின்ன ஜன்னலில் கொடுத்துப் பணமாக்கும் வழக்கம் இன்றும் பகிரங்கமாக நடக்கிறது. இந்த ஓரவஞ்சனையைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் கையடக்க கேம்கள் பற்றிய அந்த வரியைத் திருத்தி, ஒசாகா விவகாரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஜப்பானிலிருந்து பழைய கேம் வரவழைக்கும் வாசகர்களுக்காக, சூதாட்டம் என்ற பெயருக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் சாவி இணைப்பும் கணக்குப் பக்கமும் இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்கும்படியும் சொல்லுங்கள். என்னிடமுள்ள போர்டின் படங்கள் வேண்டுமானால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒசாகாவிலிருந்து தங்கள் வாசகர்