இரண்டு கணினி, ஒரே தபால்பெட்டி

அன்புள்ள கண்ணா,

உன் மூன்று புகாரையும் படித்தேன். லேப்டாப்பில் படித்து முடித்த மெயில் டெஸ்க்டாப்பில் படிக்காததுபோல் தடித்த எழுத்தில் நிற்கிறது. லேப்டாப்பிலிருந்து அனுப்பியதை டெஸ்க்டாப்பில் தேடினால் கிடைப்பதில்லை. போன வாரம் திருத்திய அறிக்கை பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. மூன்றும் ஒரே கோளாறு என்று நினைக்கிறாய். முதல் இரண்டுதான் ஒன்று, மூன்றாவது வேறு. மெயிலுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது, அது மெயில் நிறுவனத்தின் கணினியான சர்வர். கோப்புகளுக்கு அப்படி ஒன்று கிடையாது, அதை நீதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

மெயிலில் ஆரம்பி. உன் மெயில் நிரலான தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளைத் திறந்து சர்வர் பக்கத்தைப் பார். சர்வர் வகை பாப் (POP) என்று இருக்கும், சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் பழைய முறை அது. போர்ட் 995 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். பாப்பின் வேலை மெயிலை இறக்கிக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. நீ படித்தாயா, பதில் போட்டாயா, எந்த ஃபோல்டருக்கு நகர்த்தினாய் என்பதெல்லாம் சர்வருக்குத் தெரியாது, தெரிவிக்க அதில் வழியும் இல்லை. அனுப்பிய மெயிலும் அனுப்பிய கணினியிலேயே தங்கிவிடும். போதாததற்கு ‘14 நாள் கழித்து சர்வரிலிருந்து நீக்கு’ என்ற பெட்டியில் பெரும்பாலும் டிக் விழுந்திருக்கும். டெஸ்க்டாப்பை மூன்று வாரம் திறக்காமல் விட்டால், அந்த இடைவெளியில் வந்தவற்றில் ஒரு பகுதியை அது பார்க்கவே போவதில்லை.

உனக்கு வேண்டியது ஐமேப் (IMAP) என்ற முறை, போர்ட் 993. இதில் படித்தது, பதில் போட்டது, நட்சத்திரமிட்டது எல்லாம் சர்வரிலேயே குறிக்கப்படும். இரண்டு கணினியும் அதைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும்.

பாப் கணக்கை ஐமேப்பாக மாற்றும் பட்டன் கிடையாது, தேடி நேரத்தை வீணாக்காதே. வரிசை இதுதான். முதலில் இரண்டு கணினியிலும் அந்த 14 நாள் டிக்கை எடு. அதன் பக்கத்தில், நீ அழிக்கும்வரை மட்டும் வைத்திரு என்ற பொருளில் இன்னொரு டிக் இருக்கும், அதையும் எடு. பிறகு அதே முகவரியைப் புதுக் கணக்காகச் சேர், இந்தத் தடவை ஐமேப்பைத் தேர்ந்தெடு. சர்வரில் மிச்சமிருப்பவை தாமாக வந்து நிறையும். அடுத்து, டெஸ்க்டாப்பின் பழைய பாப் ஃபோல்டர்களில் மட்டுமே இருக்கும் மெயில்களைத் தேர்ந்தெடுத்துப் புதுக் கணக்கின் ஃபோல்டருக்கு நகலெடு. நகர்த்தாதே, நகலெடு. நடுவில் நெட் அறுந்தால் நகர்த்தல் எந்த மெயிலோடு நின்றது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு தடவைக்கு நானூறு ஐந்நூறு மெயிலுக்கு மேல் வேண்டாம். ஜிமெயில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பி மட்டுமே ஏற்ற விடும், அதைத் தாண்டினால் கணக்கையே சிறிது நேரம் முடக்கி வைக்கும். இலவசக் கணக்கின் 15 ஜிபியைப் படங்களும் டிரைவும் பங்குபோட்டிருக்கும், ஏற்றுவதற்கு முன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்.

லேப்டாப்பிலும் இதையே செய். அங்கே மட்டும் இருப்பவை எவை என்று பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் ஏற்றினால் இரட்டைகள் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் ‘மெசேஜ்-ஐடி’ என்று தனி அடையாளம் இருக்கிறது. இரட்டைகளைக் களையும் ஆட்-ஆன்கள் அதை ஒப்பிட்டு ஒன்றை வைத்து மற்றதை எடுத்துவிடும். ஃபோல்டருக்கு ஃபோல்டர் எண்ணிக்கை சரியாக வரும்வரை பழைய பாப் கணக்கைத் தொடாதே.

இத்தனைக்குப் பிறகும் அனுப்பியவை ஒத்துப்போகாவிட்டால் காரணம் பெரும்பாலும் ஃபோல்டர் பெயர். ஒரு நிரல் ‘சென்ட்’ என்ற ஃபோல்டரில் போடும், இன்னொன்று ‘சென்ட் ஐட்டம்ஸ்’ என்று புதிதாக ஒன்று திறந்து அதில் போடும். ‘காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ பக்கத்துக்குப் போய், இரண்டு கணினியிலும் அனுப்பியவை, வரைவு, ஆர்க்கைவ் மூன்றும் சர்வரின் ஒரே ஃபோல்டரைச் சுட்டும்படி வை. ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்பது அந்தக் கணினிக்குள்ளேயே கிடப்பது, அதில் போட்டால் மற்றதில் தெரியாது.

மெயிலைத் தானாகப் பிரிக்கும் வடிகட்டி விதிகளை வெப்மெயிலில், அதாவது பிரவுசரில் திறக்கும் மெயில் பக்கத்தில் போடு. தண்டர்பேர்டில் போட்டால் அந்தக் கணினி ஓடும்போது மட்டும்தான் மெயில் பிரிபடும். இரண்டிலும் போட்டாலோ ஒரே மெயிலை இரண்டும் இழுக்கும். முகவரிப் புத்தகமும் நாள்காட்டியும் ஐமேப்பில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவற்றுக்குக் கார்ட்டாவ், கால்டாவ் என்று தனி வழிகள் உண்டு.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதே: தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரையோ அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பையோ ட்ராப்பாக்ஸ் மாதிரி இணையச் சேமிப்புக்குள் வைத்து ‘ஒத்திசைப்பது’. கேட்க நல்ல யோசனைபோல் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான மெயில் ஒரே பெரிய கோப்பில் அடைந்திருக்கும்போது, நிரல் அதைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் ட்ராப்பாக்ஸ் அதைப் பிரதியெடுக்கப் பார்க்கும். பாதி எழுதிய பிரதி மறுபக்கம் போய்ச் சேரும், அங்கே அது உடைந்த கோப்பு. கணக்கு மென்பொருளின் தரவு, பிரவுசர் புரொஃபைல், எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் இதே கதைதான்.

இனி கோப்புகள். முடிவு ஒரே கேள்வியில் இருக்கிறது: இரண்டு கணினியும் ஒரு நாளில் அரை மணி நேரமாவது சேர்ந்து ஓடுமா? ஓடாது என்றால் ஒன்டிரைவ், ட்ராப்பாக்ஸ் மாதிரி நடுவில் எப்போதும் விழித்திருக்கும் சர்வர் வேண்டும். ஒன்டிரைவில் மேக அடையாளம் போட்ட கோப்பு வெறும் பெயர்தான், நெட் இல்லாத இடத்தில் திறக்காது. வேலைக் கோப்புகளுக்கு ‘இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு’ என்பதைத் தேர்ந்தெடு.

நீ மாலையில் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத்தான் வேலை பார்க்கிறாய். அதனால் இரண்டு கணினியின் ஃபோல்டர்களை நேரடியாக ஒத்திசைக்கும் சிங்க்திங் என்ற நிரல் போதும், கோப்பு வேறு யாருடைய சர்வரிலும் தங்காது. இரண்டிலும் நிறுவி, பிரவுசரில் 127.0.0.1:8384 என்று திறந்தால் அதன் பக்கம் வரும். ஒவ்வொரு கணினிக்கும் ஏழேழு எழுத்தாக எட்டுக் கட்டு, 56 எழுத்தில் ஓர் அடையாளம் இருக்கும். ஒன்றின் அடையாளத்தை மற்றதில் சேர்த்து, வரும் கேள்விக்குச் சம்மதம் கொடு. பிறகு டெஸ்க்டாப்பில் வேலை ஃபோல்டரைப் பகிர்.

சறுக்குவது இங்கேதான். இரண்டிலும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஃபோல்டர்களை நேராக இணைத்துவிடாதே. இணைத்தால் நீ எப்போதோ ஒன்றில் அழித்தவை மற்றதிலிருந்து உயிர்பெற்று வரும். லேப்டாப்பில் இருப்பதை ‘பழையது’ என்று பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு, காலி ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப்பின் கோப்புகள் முழுதாக வந்து இறங்கட்டும். அப்புறம் ‘பழையது’க்குள் போய், புதிதாக இருப்பதைக் கையால் எடுத்து வை.

திருத்தம் தொலைந்த அறிக்கைக்கு வருவோம். ஒரே கோப்பை இரண்டு பக்கமும் திருத்திவிட்டு இணைத்தால் சிங்க்திங் இரண்டையும் வைத்திருக்கும். மாற்றிய நேரம் எதற்குப் பிந்தியதோ அதற்கு அசல் பெயர் கிடைக்கும். மற்றதன் பெயரில் ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்ற சொல்லும் தேதியும் நேரமும் ஒட்டிக்கொள்ளும். அப்படியொரு கோப்பைக் கண்டால் குப்பை என்று அழிக்காதே, உன் ஒரு மணி நேர உழைப்பு அதில் இருக்கலாம். திறந்து ஒப்பிட்டுச் சேர்த்துவிட்டு அழி.

‘பிந்தியது’ என்பதை முடிவு செய்வது கணினியின் கடிகாரம். உன் டெஸ்க்டாப் பழையது, மின்சாரம் துண்டித்து மறுபடி போடும்போது தேதி பல வருடம் பின்னே போய் நிற்கிறதா என்று பார். நின்றால் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது, பெரும்பாலும் சிஆர்2032. தேதி தவறாக இருக்கும்போது மெயில் நிரல் சான்றிதழ் பிழை காட்டுவதும், நல்ல திருத்தம் மோதலில் தோற்றுப்போவதும் இதனால்தான்.

ஃபோல்டர் அமைப்பில் ‘ஃபைல் வெர்ஷனிங்’ என்று ஒரு டேப் இருக்கும். அதில் ‘ஸ்டாகர்ட்’ வகையைப் போடு. முதல் நாளுக்கு மணிக்கு ஒன்று, 30 நாள்வரை நாளுக்கு ஒன்று, பிறகு ஒரு வருடம்வரை வாரத்துக்கு ஒன்று என்று பழைய பிரதிகள் தங்கும். ஆனால் மறுபக்கத்திலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டுமே இது காவல். லேப்டாப்பில் நீ தவறுதலாக அழித்ததை டெஸ்க்டாப்பின் வெர்ஷனிங் காப்பாற்றும், லேப்டாப்புடையது காப்பாற்றாது. அதனால் இரண்டிலும் போடு.

டெஸ்க்டாப்பில் லினக்ஸ், லேப்டாப்பில் விண்டோஸ் என்பதால் பெயர்களில் கவனம் வேண்டும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் உள்ள பெயரை விண்டோஸ் ஏற்காது, அந்தக் கோப்பு மட்டும் வராமல் நிற்கும். தமிழில் பெயர் வைக்கும் பழக்கத்தை விடச் சொல்லமாட்டேன், நீளத்தை மட்டும் பார். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ஆக 85 குறிதான் கணக்கு. விண்டோஸில் தாராளமாக வைத்த நீளப் பெயர் டெஸ்க்டாப்புக்குள் நுழையாது. இன்னொரு வேடிக்கை: ‘கொ’வை க-வோடு ஒகரக் குறியாக ஒன்றாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. சிங்க்திங் இதைத் தானே சரிசெய்துவிடும். பென் டிரைவ் வழியாகவோ வேறு நிரல் வழியாகவோ வந்தால் ஒரே பெயரில் இரண்டு கோப்பு நிற்கும், ஒன்றின் பெயரை மாற்றிவிட்டு உள்ளே பார்.

லேப்டாப்பை மூடுவதற்கு முன் சிங்க்திங் பக்கத்தில் ‘அப் டு டேட்’ என்று வந்துவிட்டதா பார். பெரிய கோப்பைச் சேமித்த கையோடு மூடியைச் சாத்தினால் அது பாதியில் நிற்கும். அடுத்த நாள் டெஸ்க்டாப்பில் பழைய பிரதியைத் திறந்து எழுத ஆரம்பித்துவிடுவாய், மோதல் பிறப்பது அப்படித்தான்.

இவை எதுவும் பேக்கப் ஆகாது. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும், மெயிலுக்கும் அப்படித்தான். வாரம் ஒரு தடவை வெளி டிஸ்கில் நகலெடுத்துக் கழற்றி வை, செருகியே வைத்திருக்காதே.

இந்தச் சனிக்கிழமை மெயிலை மட்டும் முடி, கோப்பு அடுத்த வாரம் போதும். இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும். எண்ணிக்கை இடித்தால் எந்த ஃபோல்டர், எத்தனை குறைகிறது என்று எழுது. என் பதில் வரும்வரை பழைய கணக்கை அழிக்காதே.

அம்மா