கிராம சபைக்கு வராத உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களே, அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே,

வணக்கம். வரும் ஜனவரி 26 அன்று கிராம சபை. "தலைவரே இல்லாத ஊராட்சியில் யாரிடம் போய்ப் பேசுவது?" என்று டீக்கடையில் கேட்கிறீர்கள். கேள்வி நியாயம்தான். நம் சிவகங்கை உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். நடத்தவில்லை, மன்றத்தின் வேலையைப் பார்க்க அரசு நியமித்த தனி அலுவலர் வந்துவிட்டார். 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரைக்கும் இதே கதைதான். சட்டமன்றத் தேர்தலை இப்படி ஒரு மாதம் தள்ளிப்போட்டுப் பார்க்கட்டும், ஊரே கொதிக்கும். ஊராட்சித் தேர்தல் என்றால் நமக்கே அது பெரிதாகப் படுவதில்லை.

ஆனால் ஐந்து வருஷக் கெடு நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற மன்றத்துக்குத்தான். கிராம சபைக்குக் காலாவதி கிடையாது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள். போட்டி, டெபாசிட், பதவியேற்பு எதுவும் வேண்டாம். தலைவர் இல்லாத இந்தச் சமயத்தில் ஊருக்காகப் பேச மிச்சம் இருக்கிற ஒரே அமைப்பு நாம்தான்.

அதனால் முதல் வேலை, பட்டியலில் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (SIR) 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பேர்களை எடுத்திருக்கிறார்கள். இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் என்று காரணம் சொல்கிறார்கள். சரி, இருக்கலாம். ஆனால் திருப்பூருக்கு வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை வந்து போகிற பிள்ளையையும் 'குடிபெயர்ந்தவர்' என்று எழுதிவிட வாய்ப்புண்டு. பேர் விட்டுப்போயிருந்தால் படிவம் 6, திருத்தம் என்றால் படிவம் 8. தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். ஊராட்சிப் பட்டியலும் இதை வைத்துத்தான் தயாராகிறது.

அடுத்து, கூட்டம் நடக்கிற லட்சணம். மேலிடத்திலிருந்து பொருள் பட்டியல் அச்சாகி வருகிறது, ஒருவர் மளமளவென்று வாசிக்கிறார். வாசித்து முடியும் முன்பே கையெழுத்து நோட்டு சுற்றுக்கு வந்துவிடுகிறது. டீ வருகிறது, கூட்டம் கலைகிறது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள நம்மைப் போன்ற ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வரவேண்டும். வராதவர்களிடம் மறுநாள் வீட்டுக்கே நோட்டு போகிறது. நாமும் முகத்துக்காகப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

இந்த முறை ஒன்று செய்வோம். தீர்மானத்தை முழுசாக எழுதி, சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்து. கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே காலி இடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். அந்த அரைப் பக்கத்தில்தான் நாம் பேசாத விஷயமெல்லாம் அப்புறமாக வந்து உட்காரும். தீர்மான நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு.

தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்கிறவர்கள் பக்கத்து மேலூர் தாலுகாவைப் பாருங்கள். அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது 2024 நவம்பரில். அந்த மாதமே அங்குள்ள கிராம சபைகள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வெறும் காகிதம் அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். மதுரைக்கு ஆயிரக்கணக்கில் திரண்டு போனார்கள். ஆனாலும், "ஊர் மக்களுக்குச் சம்மதம்தான்" என்று யாரும் பேச முடியாதபடி கையெழுத்தோடு பதிவேடு இருந்தது.

நம் ஊரில் சுரங்கம் இல்லை. கண்மாய் இருக்கிறது. மழை இப்போது பருவம் பார்த்தா பெய்கிறது? ஒரு மாசத்து மழையை இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. அந்த இரண்டு நாள் தண்ணீரைப் பிடித்தால்தான் உண்டு. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலமும் பிளாஸ்டிக் குப்பையும் அடைத்துக் கிடக்க, தண்ணீர் காலனித் தெருவுக்குள் போகிறது. கண்மாய் பாதிகூட நிறைவதில்லை. பருவநிலை மாற்றம் பற்றி டில்லியில் பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரத்துக்காலை அளந்து, ஆக்கிரமிப்பை எடுத்து, கோடைக்குள் தூர்வார வேண்டும் என்று சர்வே எண்ணோடு நாம் எழுதவேண்டும். 'நீர்நிலைகளைப் பாதுகாப்போம்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் கோப்பில் கிடக்கும், அவ்வளவுதான்.

ரேஷன் கடைக்கும் இதே வழிதான். நியாய விலைக் கடைகளுக்குச் சமூகத் தணிக்கை உண்டு என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. எடை குறைகிறது, வாங்காத சர்க்கரைக்கு வாங்கியதாகச் செல்போனில் செய்தி வருகிறது என்று வரிசையில் நின்று முணுமுணுக்கிறோம். விற்பனையாளரோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, அவருக்கே மூட்டை எடை குறைந்து வருவதாகச் சொல்கிறார். இருப்புப் பதிவேட்டைச் சபையில் வைத்து வாசிக்கச் சொல்வோம்.

அதனால் வரும்போது ரேஷன் அட்டையையும் செல்போனையும் கொண்டுவாருங்கள். அந்தக் குறுஞ்செய்திகளை அதுவரை அழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களோடு பட்டியலில் இருக்கும் ஒரு வாக்காளர்