'மேனேஜர்' பட்டம் ஓவர்டைமைப் பறிக்காது

ஆசிரியருக்கு,

மாதச் சம்பளம் வாங்கினால் ஓவர்டைம் கிடையாது என்று அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர் பலர் நம்புகிறார்கள். தவறு. 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டப்படி, வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஊதியம். ஊழியர் நிர்வாகி, அதனால் ஓவர்டைம் தர வேண்டியதில்லை என்று விலக்கு கோரும் நிறுவனம்தான் அதை நிரூபிக்க வேண்டும். வாரம் குறைந்தது 684 டாலர் நிலையான சம்பளம், முதன்மை வேலை நிர்வாகம், கீழே இரண்டு முழுநேர ஊழியர்களாவது, ஆளெடுப்பதிலும் நீக்குவதிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு: எல்லாமே வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது வேலையின் தன்மையில்தான். அரைநாள் வராததற்குச் சம்பளம் பிடிப்பது வழக்கமாக இருந்தாலும் விலக்கு ஆட்டம் காணும். ஒரு வாரம் 50 மணி, மறுவாரம் 30 மணி என்று சராசரி போடுவதும் செல்லாது. பாக்கியைக் கோர 2 ஆண்டு அவகாசம். தெரிந்தே மீறியிருந்தால் 3. ஊழியர்கள் தங்கள் வேலை நேரத்தைத் தாங்களே அன்றன்று குறித்து வையுங்கள், தயவுசெய்து.