பத்திரிகையில் உன் பெயரைப் போடுகிறேன், தம்பி

தம்பிக்கு,

மகள் கல்யாணப் பத்திரிகையில் அம்மான் என்று உன் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். வீட்டில் வெகுநாள் இழுத்த பேச்சு இது. சம்பந்தி வீட்டாரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உன்மேல் வழக்கான அந்த அடிதடியைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்ல? எதிராளி யார் என்றும் இங்கே எழுத மாட்டேன். பங்காளிகள் படிப்பார்கள், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லாரும் ஒரே வீட்டில்தான் கூட வேண்டும்.

எனக்கு மறக்காதது வேறு. சிங்கப்பூர் வேலைக்கு ஃபாரம் நிரப்ப முகப்பில் உட்கார்ந்தாயே, அந்தச் சாயங்காலம். நம்மைப் பெற்ற அப்பச்சியின் கணக்குப்பெட்டி மேல் தாளை வைத்து மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தவன், ‘எந்த வழக்கிலாவது தண்டனை பெற்றதுண்டா’ என்ற இடத்தில் நின்றுவிட்டாய். “ஆச்சி, ஆயிரம் ரூவா ஃபைன்தானே, ஜெயிலுக்கா போனேன்?” என்றாய். ‘ஆம்’னு போடு என்றேன். பேனாவை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். அப்புறம் திறந்து எழுதினாய். வேலை வரவில்லை.

அதற்கு என்னை மன்னித்துவிடு. ஆனாலும் வேறு என்ன சொல்லியிருப்பேன்? போலீஸ் சான்று கேட்டால் எப்படியும் தெரிந்துவிடும். அரசு வேலையிலேயே, வழக்கை மறைத்துச் சேர்ந்தவரை நீக்கலாம் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சில்லறை வழக்கென்றால் நிர்வாகம் பொறுத்துப் போகலாம் என்றும் சொன்னது. பொறுத்துப் போக மனசு வேண்டுமே.

“ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வா, வாய்தாவுக்கு அலைய வேணாம்” என்று எல்லாரும் சொன்னார்கள். உன் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆயிரம் ரூபாய் கட்டினாலும் அது தண்டனைத் தீர்ப்புதான், ஆயுசுக்கும் கூட வரும் என்று வக்கீல்கூடச் சொல்லவில்லை. 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, தம்பி. அதன்படி நீதிபதி கண்டித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விட்டிருந்தால், அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு உனக்குக் கிடையாது. 12-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. உன்மேல் இருந்தது இந்தியத் தண்டனைச் சட்டம் 323, அடித்துச் சாதாரணக் காயம் ஏற்படுத்தியது. முதல் வழக்கு. கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் யாரும் நம் பக்கம் இல்லை. பதினெட்டு வயசுக்குள் நடந்திருந்தால் சிறார் நீதிச் சட்டமாவது காப்பாற்றியிருக்கும். உனக்குப் பத்தொன்பது.

எல்லாம் சரி. பெண் பார்த்த இடமெல்லாம் ‘கேஸ்’ என்றதும் கலைந்தது உன் குற்றமில்லை. அப்பச்சி படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காமல் இருந்தாயே, அது எந்தக் கோர்ட்டு விதித்தது? கல்யாணம் ஆனால்தானே நம் நகரத்தார் கோயிலில் ஒரு புள்ளி, தனிக் குடும்பமாக எண்ணுவார்கள். “அவன் எப்ப புள்ளிவரி கட்டுவான்?” என்று கடைசிவரை கேட்டார். பதில் சொல்ல நான்தான் இருந்தேன், நீ இல்லை.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இவள் நீ தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. அம்மான் இடத்தில் இன்னொருவரை நிறுத்த எனக்குச் சம்மதமில்லை.

பத்திரிகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேண்டாம் என்றால் அதற்குள் போன் பண்ணு. பண்ணாவிட்டால் பெயர் இருக்கும், நீயும் வந்தாக வேண்டும்.

உன் அக்கா, ஆச்சி