கோவளம் போகிற மகளுக்கு

மக்ளே,

மே கடைசியில் கூட்டுகாரிகளோடு திருவனந்தபுரத்துப் பக்கம் கோவளம் போவதாக அம்மையிடம் சொன்னாயாம். பக்கத்தில் பாறசாலையில் வீடு இருக்க, பெங்களூரில் இருந்துகொண்டு கோவளத்தில் ரூம் போடுகிறாளே என்று அம்மைக்கு ஆவலாதி. எனக்கு அது இல்லை. "நீச்சல்தான் தெரியுமே அப்பா" என்று நீ சொன்னதாகச் சொன்னாள் பார், அதில்தான் எனக்கு உறுத்தல்.

நீ படித்தது குளத்து நீச்சல். மே கடைசி என்றால் தென்மேற்குப் பருவமழை வாசலில் நிற்கும், கடலும் முறுக்கேறிவிடும். கரையேறி அடித்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியில் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் கறுத்து, சாதுவாகக் கிடக்கும். அலையில்லாத இடம் என்று வெளியூர்க்காரர்கள் அதிலேயே இறங்குவார்கள். அது ஆளைக் கீழே அமுக்காது, கடலுக்குள் கொண்டுபோகும். கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும். மாட்டினால் பதறாமல் மிதந்து கையைத் தூக்கிக் காட்டு. நீந்த முடிந்தால் கரையை ஒட்டிய திசையில் பக்கவாட்டில் போய், அலை உடைகிற இடத்தில் கரைக்குத் திரும்பு.

இறங்குவதற்கு முன் லைஃப்கார்டிடம் ஒரு வார்த்தை கேள். சிவப்புக் கொடி இருந்தால் மணலோடு சரி. அவர் விசிலடித்தால் முகம் சுளிக்காதே. அவர் வீட்டுக்குப் போன பிறகு யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, எவ்வளவு சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தாலும் சரி. லைட்ஹவுஸ் பீச்சுக்கும் ஹவ்வா பீச்சுக்கும் நடுவில் உள்ள பாறையில் செல்ஃபி எடுக்க ஏறாதே, பாசி வழுக்கும்.

கள்ளக்கடலையும் மனதில் வை. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. தெற்கே எங்கோ நடுக்கடலில் அடித்த புயலின் அலை நாள் கணக்கில் ஓடிவந்து திடீரென்று கரையேறும். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் இன்காய்ஸ் முன்னாலேயே எச்சரிக்கை விடும். போகிற அன்று காலை செய்தியைப் பார்த்துவிடு.

சரி, பயமுறுத்தியது போதும். விடியற்காலையில் எழுந்திருக்க முடிந்தால் கரமடி இழுப்பதைப் பார். வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் பிடித்து, குதிகாலை மணலில் புதைத்துப் பின்னாலேயே நடப்பார்கள். கடைசியில் மடி கரையேறும்போது நெத்தோலி வெள்ளியாகத் துள்ளும். சாயங்காலம் ஓட்டல் வாசலில் மீனை ஐஸில் பரத்தி வைத்திருப்பான். கை காட்டுவதற்கு முன் விலையைக் கேள், கண்ணெதிரே நிறுக்கச் சொல். தமிழிலேயே கேள், புரியும்.

பக்கத்து விழிஞ்ஞத்தில் எல்லாரும் 2025 மே 2-இல் திறந்த துறைமுகத்தின் கிரேன்களைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீ அந்தச் சின்னக் குடைவரைக் கோயிலைப் பார்க்காமல் வராதே. எட்டாம் நூற்றாண்டு. உள்ளே தட்சிணாமூர்த்தி, வெளியே பாறையில் செதுக்கி முடிக்காமல் விட்ட சிற்பங்கள். உளி பட்ட தடத்தை நின்று பார்க்கலாம்.

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் இறங்கினால் கிழக்கேகோட்டையில் கோவளம் பஸ் கிடைக்கும். பெட்டி கனமென்றால் ஸ்டேஷனிலேயே ப்ரீபெய்டு ஆட்டோ எடு. ராத்திரி என்றால் கட்டாயம் அதுதான்.

பூவாறு போட் சவாரியும் உண்டு என்றாயாம். நெய்யாறு கடலில் சேருகிற இடம், பொழிமுகம். லைஃப் ஜாக்கெட் தராத போட்டில் ஏறாதே. பழசு, நாறுகிறது என்று கழற்றி மடியில் வைக்கவும் கூடாது. பொழிமுகத்தில் மணல் திட்டு அழகாகத்தான் இருக்கும், ஆனால் குளிக்கிற இடமல்ல. ஆறும் கடலும் மாறி மாறி இழுக்கும், காலடி மணல் நிற்காது.

அங்கிருந்து நம் வீடு பக்கம்தானே, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. அம்மை மரச்சீனியும் சாளைக் கறியும் வைப்பாள். மறுநாள் களியக்காவிளையில் நாகர்கோவில் பஸ் பிடித்துத் தக்கலையில் இறங்கினால் பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது தமிழ்நாட்டில், பார்த்துக்கொள்வது கேரள அரசு. திங்கட்கிழமை பூட்டியிருக்கும், அதனால் ஞாயிறு ராத்திரி தங்குகிற மாதிரித் திட்டம் போடாதே.

எத்தனை பேர் வருகிறீர்கள், யாராவது மீன் சாப்பிடாதவர்கள் உண்டா என்று அம்மைக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. பூவாற்றில் கிளம்பும்போது போன் போடு, ஸ்டாண்டுக்கு வண்டியோடு வருகிறேன்.

அப்பா